நெறிகட்டி: உள்ளே பிறந்ததா, வெளியே இருந்து வந்ததா?



காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறிகட்டும். நம் ஊர்ப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பேரன் நொண்டிக்கொண்டே வந்து தொடையிடுக்கைக் காட்டி அழுதால், பாட்டி அந்த இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். பிறகு அவன் பாதத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். கட்டி இருப்பது ஓரிடம், கோளாறு இருப்பது வேறிடம் என்று அவருக்குத் தெரியும். கதிரியல் மருத்துவர் ஸ்கேன் படத்தின் முன் உட்கார்ந்து கேட்பதும் அதே கேள்விதான். இந்த வீக்கம் இங்கேயே பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்து குடியேறியதா?

நெறி என்று பேச்சில் சொல்வதை மருத்துவ நூல்கள் நிணநீர்க் கணு என்கின்றன. உடம்பில் சுமார் 600 கணுக்கள் உண்டு. அவற்றில் 300 வரை கழுத்தில் மட்டுமே இருக்கின்றன. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் காதுக்கும் காறை எலும்புக்கும் நடுவில் அவரை விதை வடிவத்தில் அவை வரிசைகட்டி நிற்கின்றன. திசுக்களிலிருந்து கசியும் நீர் மெல்லிய குழாய்கள் வழியாகக் கணுக்களுக்கு வந்து, சலிக்கப்பட்டு, கடைசியில் இரத்தத்தோடு கலக்கிறது. அந்த நீரில் கிருமி வந்தால் கணு பிடித்து வைத்துக்கொள்ளும். புற்றுச் செல் வந்தாலும் பிடித்துவைக்கும். சில சமயம் பிடிபட்ட செல் அங்கேயே வேர்விட்டுவிடும். மெட்டாஸ்டாசிஸ், அதாவது பரவிய புற்று, என்பது இதுதான். நாக்கிலோ தொண்டையிலோ தைராய்டிலோ பிறந்து கழுத்துக் கணுவில் தலைகாட்டும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 1848இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: இடது காறை எலும்புக்கு மேலே தட்டுப்படும் கட்டி வயிற்றுக்குள் இருக்கும் புற்றின் அடையாளமாக இருக்கலாம். உடம்பின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்துவரும் மார்புக் குழாய் இடது கழுத்தடியில்தான் சிரையோடு சேர்கிறது. பாட்டி பாதத்தைத் திருப்பிப் பார்த்த அதே கணக்கு.

லிம்போமாவின் கதை வேறு. அங்கே வெளியிலிருந்து யாரும் வரவில்லை. கணுவுக்குள் காவல் இருக்கும் லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுவே கட்டுமீறிப் பெருகுகிறது.

வெளியே தெரிவதென்னவோ இரண்டிலும் ஒன்றுதான். கழுத்தில் ஒரு கட்டி. பெரும்பாலும் வலி இருக்காது. சவரம் செய்யும்போது விரலில் தட்டுப்படும். பழகிய மருத்துவரின் விரலுக்கு ஓரளவு வித்தியாசம் தெரியும். பரவிய புற்றாக இருந்தால் கல் போல இறுகியிருக்கும், லிம்போமா ரப்பர் போல அழுந்தி எழும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் விரல் எட்டாத இடங்களில், முதுகெலும்பை ஒட்டியும் நுரையீரல்களுக்கு நடுவிலும் குடலைத் தாங்கும் சவ்விலும், விரலுக்குப் பதில் ஸ்கேன்தான்.

இரண்டும் புற்றுதானே, பெயர் எதுவானால் என்ன என்று நோயாளியின் வீட்டார் கேட்பதுண்டு. அந்தப் பெயரை வைத்துத்தான் அடுத்த அடியே தீர்மானமாகிறது. வாய்ப்புற்று கழுத்துக்குப் பரவியிருந்தால் அறுவையும் கதிர்வீச்சும் முன்னால் நிற்கும். லிம்போமாவை அறுத்து எடுத்துக் குணப்படுத்துவதில்லை, மருந்துதான் பிரதானம். அதிலும் ஹாட்ஜ்கின் வகை உடம்பில் பல இடங்களுக்குப் பரவிய நிலையில்கூடப் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. நான்காம் நிலை என்ற ஒரே சொல் ஒரு வீட்டில் இடியாகவும் இன்னொரு வீட்டில் நம்பிக்கையோடும் இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

சிகிச்சைக்கு முந்தைய கட்டத்திலேயே பாதை பிரிந்துவிடுகிறது. வாய், தொண்டைப் புற்று பரவிய கணுவாக இருந்தால் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை பெரும்பாலும் போதும். சில செல்கள் கிடைத்தாலே விஷயம் விளங்கிவிடும். லிம்போமாவுக்கு அது போதாது. செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற கட்டுமானத்தையே பார்த்தால்தான் வகை தெரியும். அதற்குத் தடித்த ஊசியால் ஒரு கீற்றை எடுக்க வேண்டும். முடிந்தால் கணுவை முழுதாகவே எடுக்க வேண்டும். அப்படியானால் எல்லோருக்கும் முழுக் கணுவை எடுத்துவிடலாமே என்றால், அது வேறு வம்பு. மூலப் புற்றைத் தேடாமல் கழுத்துக் கணுவை மட்டும் வெட்டி எடுத்தால், பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவைக்கான திசு அடுக்குகள் கலைந்துபோகும். நியூயார்க்கில் தலை, கழுத்து அறுவையில் பேர்பெற்ற ஹேஸ் மார்ட்டின் 1961இல் இதையே எச்சரித்து, அகாலத்தில் செய்யும் கணு பயாப்சி என்று பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். இன்னொரு ஆபத்தும் உண்டு. வீக்கம் குறையட்டும் என்று யாராவது முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் லிம்போமா தற்காலிகமாகக் கரைந்துவிடும். பிறகு எடுக்கும் சதையில் நோயின் தடயமே கிடைக்காமல் போகலாம். ஆகவே கணுவுக்குள் ஊசி நுழையும் முன்னரே படம் பேச வேண்டியிருக்கிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் ஏழு நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அவரிடம் படமும் இல்லை, நுண்ணோக்கியின் துணையும் இல்லை. பிணப் பரிசோதனையில் கண்ணால் கண்டதையே எழுதினார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரையே வைத்தார். 1926இல், அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருந்த அந்தப் பழைய திசுக்களில் சிலவற்றை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நோய் அல்ல என்று தெரியவந்தது. நோய் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருடைய கண்ணே தப்புக்கணக்குப் போட்டிருக்கிறது என்றால், வெறும் வீக்கத்தை வைத்து முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கணுவின் உள்ளே எட்டிப் பார்க்கும் முதல் வழியைச் சீர்ப்படுத்தியவர்களில் லண்டன் மருத்துவர் ஜான் கின்மாந்த் முக்கியமானவர். 1950களில் அவர் கால்விரல் இடுக்கில் நீலச் சாயத்தை ஏற்றினார். சாயம் நிணநீர்க் குழாய்க்குள் ஏறி, மயிரிழை போன்ற அந்தக் குழாயைக் காட்டிக்கொடுக்கும். அதற்குள் மிக மெல்லிய ஊசியை நுழைத்து எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார்கள். பின்னாளில் எண்ணெய் கலந்த மருந்து வந்தது. அது வயிற்றுக் கணுக்களில் போய்த் தங்கிவிடும். லிம்போமா பிடித்த கணு வீங்கி நுரைத்தது போலத் தெரியும். புற்று பரவிய கணுவின் ஓரத்தில் எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்த முறை இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நுரையும் கடிவாயும் என்ற அந்த வேறுபாடு எல்லா நவீனக் கருவிகளிலும் வேறு வேறு உருவில் திரும்பி வருகிறது.

ஏன் ஓரம்? இதுதான் இந்தப் பேச்சின் மையம். நிணநீர் கணுவுக்குள் நுழைவது அதன் வெளி விளிம்பு வழியாக. வெளியேறுவது நடுவில் இருக்கும் பள்ளமான வாசல் வழியாக. இரத்த நாளங்கள் உள்ளே போவதும் அந்த வாசல் வழியாகத்தான். வெளியிலிருந்து வரும் புற்றுச் செல் முதலில் விளிம்பில் இறங்குகிறது. அங்கே பெருகி, வாசலை நசுக்கி, இரத்தம் போதாமல் விளிம்பிலிருந்தே புது நாளங்களை வரவழைக்கிறது. அப்போதும் போதாவிட்டால் நடுப்பகுதி அழுகிச் சாகிறது. லிம்போமாவோ சொந்த வீட்டில் பிறந்தது. கணு முழுவதும் ஒரே சீராகப் பெருகுகிறது. ஏற்கெனவே இருக்கும் நாளங்களையே பயன்படுத்திக்கொள்கிறது. பெரிதாக வளர்ந்தாலும் சிகிச்சைக்கு முன் நடுவில் அழுகல் காண்பது குறைவு. படத்தில் தெரியும் அடையாளங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

அல்ட்ராசவுண்ட் மேஜையருகே போய்ப் பார்ப்போம். கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, சோப்புக் கட்டி அளவுள்ள புரோபை மெல்ல நகர்த்துகிறார் மருத்துவர். திரையில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஓர் அவரை விதை. நடுவில் வெள்ளைக் கோடு. அந்த வெள்ளைதான் வாசல். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து வெள்ளைக் கோடும் தெரிந்தால் அநேகமாக நல்ல கணு. அடுத்த கணு உருண்டை, வெள்ளைக் கோடும் இல்லை. உடனே ஒரு பொத்தானை அழுத்தி டாப்ளரைப் போடுகிறார். சிவப்பும் நீலமுமாக இரத்த ஓட்டம் மினுங்குகிறது. வண்ணம் விளிம்பைச் சுற்றி மட்டும் சிதறிக் கிடந்தால் வெளியிலிருந்து வந்த புற்றின் சாயல். நடுவிலிருந்து மரக்கிளை போல விரிந்து விளிம்பிலும் தென்பட்டால் லிம்போமாவின் பக்கம் சாய்கிறது. நீர் தேங்கிய பை போலத் தெரிந்து, உள்ளே மணல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவர் புரோபைத் தைராய்டுக்கு நகர்த்திவிடுவார்; பாப்பில்லரி என்னும் தைராய்டுப் புற்று தன் கணுக்களில் விட்டுச்செல்லும் சுவடு அது.

இந்த அடையாளங்களைப் பொறுமையாகத் தொகுத்ததில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் அனில் அஹுஜா குழுவினருக்குப் பெரும் பங்குண்டு. பழைய கருவிகளில் லிம்போமா கணு நீர்ப்பை போல ஏமாற்றும். தெளிவு கூடிய புரோபுகள் வந்தபின் அதே கணுவுக்குள் வலைப்பின்னல் போன்ற நுண்ணிய முடிச்சுகள் தெரியத் தொடங்கின.

வயிற்றுக்குள் சி.டி. ஸ்கேன்தான் ராஜா. குடலைத் தாங்கும் சவ்வில் லிம்போமா வளரும்போது இரத்த நாளங்களை நெரிக்காமல் இருபுறமும் அணைத்துக்கொண்டு வளர்கிறது. படத்தில் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த பண்டம் போல நாளம் தெரிவதால் அதைச் சாண்ட்விச் அடையாளம் என்றே கூப்பிடுகிறார்கள். முதுகெலும்பை ஒட்டி ஓட வேண்டிய பெருந்தமனி, பின்னால் பெருகிய கணுக்களால் முன்னே தள்ளப்பட்டு மிதப்பது போலக் காட்சி தருவதும் உண்டு. இங்கும் பொருள் அதேதான்: லிம்போமா மென்மையானது, இடுக்குகளை நிரப்பும், பரவிய புற்று பல சமயம் இறுக்கி, அடைத்து, ஊடுருவும்.

அளவுகோலே இரண்டு நோய்க்கும் வேறு. பரவிய புற்றுக்கான ரெசிஸ்ட் 1.1 என்ற 2009ஆம் ஆண்டு விதியின்படி கணுவின் குறுகிய அகலத்தை அளக்க வேண்டும்; 10 மி.மீ.க்குக் கீழே என்றால் இயல்பு, 15 மி.மீ. எட்டினால்தான் தொடர்ந்து அளந்துவரத் தகுந்த கணு. லிம்போமாவுக்கு 2014இல் வெளியான லுகானோ விதி அதே கணுவின் நீளமான பக்கத்தை அளக்கச் சொல்கிறது, 15 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகம். எந்த நோய் என்று தெரியாமல் ஸ்கேலை எந்தப் பக்கம் வைப்பது என்றே சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. வேறொரு கேள்வி கேட்கிறது: கணுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன? லிம்போமா செல்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்பவை. நீருக்கு நகர இடமில்லை. ஹாங்காங் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட கழுத்துக் கணு ஆய்வில் இந்த நடமாட்ட அளவு லிம்போமாவில் சராசரியாக 0.66 என்றும், வாய், தொண்டைப் பகுதியின் செதிள் செல் புற்று பரவிய கணுக்களில் 1.06 என்றும் வந்தது. சராசரிகள் விலகி நிற்கின்றன. ஆனால் நோயாளி சராசரி அல்லவே. தனித்தனி எண்கள் இரு கூட்டத்திலும் ஒன்றன்மேல் ஒன்று படியத்தான் செய்கின்றன.

பெட் ஸ்கேன் சர்க்கரைப் பசியை அளக்கிறது. 110 நிமிடத்தில் பாதியாகக் குறையும் கதிரியக்க ஃப்ளோரினைச் சர்க்கரையோடு கோத்து ஊசியில் ஏற்றினால், பசித்த செல்கள் அதை விழுங்கிப் படத்தில் ஒளிர்கின்றன. வேகமாக வளரும் லிம்போமா பிரகாசமாக எரியும், மெல்ல வளரும் வகை மங்கலாகத் தெரியும். ஆனால் ஒளிர்வதெல்லாம் புற்றல்ல. 2021இல் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஊசி போட்ட பக்கத்து அக்குளில் கணுக்கள் வீங்கின. பெட் படங்களில் அவை ஒளிர்ந்தன. மார்பகப் பரிசோதனைக்கு வந்த பெண்கள் பதறினார்கள். எந்தக் கையில் எந்த நாளில் ஊசி போட்டீர்கள் என்று ஸ்கேன் மையங்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அப்போதுதான் வந்தது. அந்த ஒரு கேள்வி எத்தனையோ பேரைத் தேவையற்ற திசுப் பரிசோதனையிலிருந்து காப்பாற்றியது.

நம் நாட்டில் மூன்றாவதாக ஒருவர் வாசலில் நிற்கிறார். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் தங்குமிடங்களில் நிணநீர்க் கணு முதன்மையானது. கழுத்தில் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மாலை போலத் திரளுவதைத் தமிழ் மருத்துவம் கண்டமாலை என்று அழைத்து வந்திருக்கிறது. சி.டி.யில் அந்தக் கணுவின் நடு கரைந்து, விளிம்பு மட்டும் வளையமாகப் பளிச்சிடும். புற்று பரவிய கணுவும் அப்படியே தெரியக்கூடும். பெட் ஸ்கேனில் அது லிம்போமா மாதிரியே எரியும். காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என்ற மூன்றும் காசநோய்க்கும் லிம்போமாவுக்கும் பொது. சதை எடுத்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கி, கட்டி கரையாமல் திரும்பி வந்த பிறகு லிம்போமா என்று தெரிந்துகொண்டவர்கள் நம் மருத்துவமனைகளின் வரிசைகளில் உண்டு. அந்த மாதங்களை அவர்களுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

இந்த இடத்தில்தான் கணினி வருகிறது. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. இரண்டு கணுக்களிலிருந்து நான்கு நான்கு புள்ளிகளை வரிசையாக எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணுவில் 62, 63, 62, 64. இரண்டாவதில் 62, 95, 20, 74. இரண்டையும் கூட்டினால் ஒரே 251, சராசரியும் ஒன்றே. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பாருங்கள். முதலாவதில் ஒன்று, ஒன்று, இரண்டு என்றே வித்தியாசம், வழவழப்பு. இரண்டாவதில் 33, 75, 54 என்று தாவல், கரடுமுரடு. முதலாவது லிம்போமாவின் ஒரே சீர் போலவும், இரண்டாவது அழுகலும் விளிம்பும் கலந்த பரவிய புற்று போலவும் இருக்கிறது. கண் தவறவிடும் அளவுக்கு மெல்லிய கரடுமுரடையும் இந்தக் கணக்கு பிடித்துவிடும்.

அண்டைப் புள்ளிகளைக் கணக்கிடும் இந்த வழி மருத்துவத்துக்காகப் பிறந்ததல்ல. 1973இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ராபர்ட் ஹாராலிக், சண்முகம் ஆகியோர் டின்ஸ்டைனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் 14 அளவைகளாக அது வகுக்கப்பட்டது. அவர்கள் சோதித்தது மணற்கல்லின் நுண்படங்களையும், விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த நிலப் படங்களையும். மணற்கல் வகைகளை 89 சதவீதம் சரியாக இனம்பிரித்தது அந்தக் கணக்கு. கல்லின் நயத்தை, அதாவது அதன் வழவழப்பையும் கரடுமுரடையும், படித்த அதே சூத்திரம் இன்று கணுவின் நயத்தைப் படிக்கிறது. நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர் அதன் தொடக்கத்தில் இருப்பதைத் தமிழ் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2012இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் பணியாற்றிய ஃபிலிப் லாம்பின் குழுவினர் படத்திலிருந்து இப்படி எண்களைப் பிரித்தெடுக்கும் முயற்சிகளை ரேடியோமிக்ஸ் என்ற பெயரில் விளக்கினார்கள். 2014இல் ஹூகோ ஆர்ட்ஸ் தலைமையில் 1,019 நோயாளிகளின் சி.டி. படங்களிலிருந்து 440 அளவைகள் எடுக்கப்பட்டு, நுரையீரல், தலை, கழுத்துப் புற்றுகளின் போக்கை முன்னறியலாம் என்று காட்டப்பட்டது. உலகமே வியந்தது. 2019இல் டொராண்டோ ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கட்டியின் எல்லைக்குள் இருந்த புள்ளிகளைச் சோழி போலக் குலுக்கிப் போட்டுவிட்டு அதே கணக்கை ஓட்டினார்கள். நயம் முழுக்கக் கலைந்த பிறகும் விடை ஏறத்தாழ அப்படியே வந்தது! கணினி பெரும்பாலும் அளந்துகொண்டிருந்தது கட்டியின் கன அளவைத்தான். ஓர் அமெரிக்க ஆய்வும் 2018இல் வெளியானது. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருளுக்கு, மார்பு எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று ஏறக்குறையப் பிழையே இல்லாமல் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா அதிகம் என்றால் அந்தத் துப்பே அதற்குப் போதுமாகிவிடும்.

லிம்போமாவையும் பரவிய புற்றையும் பிரிக்கும் மென்பொருளுக்கு இதே குழி காத்திருக்கிறது. லிம்போமா நோயாளிகளின் படங்கள் பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்தும், மற்றவர்களின் படங்கள் இன்னொரு கருவியிலிருந்தும் வந்தால், அது கற்பது கருவியின் குணத்தை, நோயின் குணத்தையல்ல. ஒரு மையத்தில் 5 மி.மீ. தடிமனில் படத்தை வெட்டுவார்கள், இன்னொன்றில் 1 மி.மீ.; தடித்த வெட்டில் கரடுமுரடு கலந்து மழுங்கிப்போகும். கணுவைச் சுற்றி மவுஸால் கோடு வரையும் கை பக்கத்து இரத்த நாளத்தைக் கொஞ்சம் சேர்த்து வளைத்துவிட்டாலும் எண்கள் மாறும்.

இவற்றையெல்லாம் திருத்திவிடலாம், 169 அளவைகளை ஒரே இலக்கணத்துக்குக் கொண்டுவந்து 2020இல் வெளியிட்ட சர்வதேச முயற்சி அதற்கான நல்ல தொடக்கம். நமக்குக் கவலை வேறு. காசநோய் அரிதான நாட்டில் இரண்டே பெட்டிகளோடு பழகிய மென்பொருள், கண்டமாலையைக் கொடுத்தாலும் லிம்போமா, பரவிய புற்று என்ற இரண்டில் ஒன்றில்தான் போடும். மூன்றாவது பெட்டி அதற்குத் தெரியாது. அந்தப் பெட்டியை நிரப்ப வேண்டிய படங்கள், திசுப் பரிசோதனையில் உறுதியான நம் நோயாளிகளின் படங்கள், நம் மருத்துவமனைகளின் கணினிகளில்தான் இருக்கின்றன. பெயரை நீக்கி, முடிவோடு இணைத்து அவற்றை ஒழுங்காகச் சேர்த்துவைப்பது நம் கதிரியல் துறைகள் இன்றே தொடங்க வேண்டிய வேலை.

படத்தின் வேலை எங்கே முடிகிறது என்று பார்ப்போம். பெட் ஸ்கேன் மிக அதிகமாக ஒளிரும் கணுவைக் காட்டுகிறது. அறுவை மருத்துவர் கைக்கு எளிதான கணுவை விட்டுவிட்டு முடிந்தவரை அதைக் குறிவைக்கிறார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் கதிரியல் மருத்துவர் ஒன்று எழுதியிருக்கிறார்: லிம்போமாவாக இருக்கலாம், காசநோயையும் விலக்க வேண்டும். அந்த வரியைப் படித்த செவிலியர் அறுவை அரங்கத் தட்டில் ஃபார்மலின் பாட்டிலோடு நிறுத்தாமல், சலைன் ஊற்றிய சுத்தமான பாட்டில்களையும் வைக்கிறார். எடுத்த கணுவை மொத்தமாக ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. லிம்போமாவின் வகை பிரிக்க உயிருள்ள செல்களைக் கருவியில் ஓடவிடவும் முடியாது. கணு மூன்றாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, ஒன்று கிருமிச் சோதனைக்கு, ஒன்று செல் சோதனைக்கு. மூன்று பாட்டில்களிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி, வார்டு ஊழியர் ஆய்வகத்தை நோக்கி நடக்கிறார்.